வீசிங் வந்தா அம்மா "இழுக்க முடியல"ங்கறாங்க, டாக்டர் "காத்து வெளிய வரல"ங்கறார், உள்ள என்னதான் நடக்குது?

தண்டையார்பேட்டை அப்பா:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு தண்டையார்பேட்டைல மெயின் ரோட்டை ஒட்டி, ராவும் பகலும் ஹார்பருக்குப் போற கன்டெய்னர் லாரி ஓடிட்டே இருக்கும், ஜன்னல் கம்பியை ரெண்டு நாள் துடைக்காம விட்டா விரல்ல கருப்பா ஒட்டும். அம்மாவுக்கு ரொம்ப வருஷமா வீசிங். மழைக்காலம், மார்கழிப் பனி, அப்புறம் போகிப் புகை, இது வந்துட்டா ராத்திரி தூக்கமே கிடையாது, உக்காந்தே விடிய வைப்பாங்க.

பொண்ணு எட்டாவது படிக்கிறா. நுரையீரல் மாடல் செஞ்சுட்டு வரச் சொல்லியிருக்காங்க ஸ்கூல்ல. ரெண்டு லிட்டர் கூல்ட்ரிங்ஸ் பாட்டிலை அடில அறுத்து, மூடில ஓட்டை போட்டு ஸ்ட்ரா சொருகி, அது முனையில ஒரு பலூன் கட்டி உள்ள தொங்க விட்டு, அறுத்த அடிப்பக்கத்துக்கு இன்னொரு பெரிய பலூனை வெட்டி இறுக்கி டேப் ஒட்டியிருக்கா. கீழ ரப்பரைப் புடிச்சு இழுத்தா உள்ள பலூன் உப்புது, விட்டா சுருங்குது. நல்லாவே வேலை செய்யுது.

இதை ஆட்டிப் பாத்துக்கிட்டே கேட்டா, "அப்பா, இழுக்கறதுக்குதான் நான் பலம் போடறேன், விட்டா அதுவா சுருங்கிடுது, அப்போ மூச்சு விடறது ஈசிதானே, ஆயாவுக்கு ஏன் வெளிய விடறப்போதான் விசில் சத்தம் வருது, ஏன் அவ்ளோ நேரம் ஆகுது?" என்னால பதில் சொல்ல முடியல. அம்மாவைக் கேட்டா "மூச்சை இழுக்க முடியலடா, நெஞ்சு அடைக்குது"ன்னுதான் எப்பவும் சொல்லுவாங்க. போன தடவை காட்டின டாக்டர் "உள்ள போற காத்து வெளிய வரல, அதான்"னு ஒரு வரில சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டார்.

இன்னொரு சந்தேகமும் இருக்கு. அவங்க அப்படித் திணறிட்டு உக்காந்திருக்கும்போது ஆக்சிமீட்டர் மாட்டினா 96, 97னு காட்டுது. ஆக்சிஜன் சரியா இருந்தா எதுக்கு இவ்ளோ கஷ்டம்? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

பெரம்பூர் பயாலஜி டீச்சர்:

முதல்ல பொண்ணுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்க சார். மாடலைச் செஞ்சு மார்க் வாங்கிட்டுப் போயிடற பசங்கதான் ஜாஸ்தி, அதை ஆட்டிப் பாத்துக் கேள்வி கேக்கற குழந்தை கிடைக்கறது அபூர்வம்.

அவ சொன்னது நூத்துக்கு நூறு சரி. நுரையீரலுக்குத் தன்னை விரிச்சுக்கற தசை கிடையாது. இழுக்கறது உதரவிதானம், அதாவது நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல மேல பாத்து வளைஞ்சிருக்கற ஒரு தசை. அது இறுகினா தட்டையாகி கீழ இறங்கும், சாதாரண மூச்சுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கினாலே போதும். அதே நேரம் விலா எலும்புக்கு நடுவுல இருக்கற தசைங்க விலாவைத் தூக்கி வெளிப்பக்கமா விரிக்குது. நெஞ்சுக்கூட்டுல இடம் பெருசாச்சுன்னா உள்ள அழுத்தம் வெளியில இருக்கறதை விடக் கொஞ்சூண்டு குறையும், அந்தக் கொஞ்ச வித்தியாசத்துக்கே காத்து தானா உள்ள வந்துடும். வெளிய விடறதுக்கு, நாம சும்மா உக்காந்திருக்கும்போது, எந்தத் தசையும் வேலை செய்யறதில்ல. விரிஞ்ச நுரையீரல் தன் இழுவிசையாலயே பழைய அளவுக்குச் சுருங்கிக்கும்.

ஒரு மூச்சுக்கு ஏறக்குறைய அரை லிட்டர் காத்து. அதுல 150 மில்லி குழாய்லயே நின்னுடும், ரத்தத்துக்குப் பக்கத்துல போறதே இல்ல. எவ்ளோ முக்கி வெளிய விட்டாலும் ஒரு லிட்டருக்கு மேல உள்ள தங்கியே இருக்கும். இது அவ பாட்டில்ல தெரியாது, சொல்லிக் குடுங்க.

பாட்டில்ல தெரியாத இன்னொன்னு, நிஜத்துல உள்ள இருக்கறது ஒரே வெத்துப் பை கிடையாது. மூச்சுக்குழல் ரெண்டாப் பிரிஞ்சு, அது மறுபடி ரெண்டு ரெண்டா சுமார் 23 தடவை கிளை பிரிஞ்சு, கடைசில காற்று நுண்ணறைங்க வரும், முப்பது கோடிக்குக் குறையாம. அத்தனையையும் பிரிச்சுப் பரப்பினா சுமார் 70 சதுர மீட்டர், நம்ம கணக்குல 750 சதுர அடி, ஒரு டபுள் பெட்ரூம் வீடு. ஒவ்வொரு நுண்ணறையைச் சுத்தியும் தலைமுடியை விட மெல்லிசான ரத்தக்குழாய் வலை. காத்துக்கும் ரத்தத்துக்கும் நடுவுல இருக்கற சுவர் ஒரு மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு, கூட இல்ல. அதான் ஆக்சிஜன் அந்தப் பக்கமும் கார்பன் டை ஆக்சைடு இந்தப் பக்கமும் ஒரு தள்ளலும் இல்லாம சும்மா ஊடுருவிப் போகுது. உள்ள போற காத்துல 21 சதவீதம் ஆக்சிஜன், வெளிய வரும்போது 16 கிட்ட, முழுசையும் நாம எடுத்துக்கறதில்ல. கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதமா போய் 4 சதவீதமா வருது.

வீசிங் பத்தி என்னை விட ஆஸ்பத்திரில வேலை செய்யறவங்க சொன்னா நல்லாருக்கும்.

செஸ்ட் ஓபி டெக்னீஷியன்:

நான் பேஷன்ட்ஸை ஊத வெச்சு டெஸ்ட் எடுக்கற வேலைல இருக்கேன், தினம் இந்தக் கேள்விதான் வருது. உங்க அம்மா சொல்றதும் சரி, டாக்டர் சொன்னதும் சரி, ரெண்டும் ஒரே விஷயத்தோட ரெண்டு முனை.

வீசிங்ல கெட்டுப் போறது டீச்சர் சொன்ன அந்த நுண்ணறையும் இல்ல, உதரவிதானமும் இல்ல, நடுவுல இருக்கற சின்னச் சின்னக் குழாய். அந்தக் குழாயைச் சுத்தி ஒரு மெல்லிய தசை இருக்கு, புகையோ பனியோ தூசியோ பட்டதும் அது இறுகிக்கும், உள்பக்கத் தோல் வீங்கிக்கும், போதாததுக்குக் கெட்டியா சளியும் சேரும். குழாயோட உள்அகலம் பாதியாச்சுன்னா காத்து போறதுக்கு எதிர்ப்பு ரெண்டு மடங்கு ஆகாது, கணக்குப்படி பதினாறு மடங்கு ஆகும். கொஞ்சம் சுருங்கினதுக்கே இவ்ளோ அவஸ்தை ஏன்னா அதுக்குத்தான்.

இப்ப உங்க பொண்ணு கேட்ட கேள்விக்கு வரேன். மூச்சு இழுக்கும்போது நெஞ்சு விரியுது இல்ல, அப்போ சுத்தி இருக்கற நுரையீரல் திசு அந்தச் சின்னக் குழாயையும் நாலாபக்கமும் புடிச்சு இழுத்து லேசா விரிச்சு வெச்சிருக்கும். வெளிய விடும்போது எல்லாமே சுருங்கறதால குழாயும் கூட சேந்து சுருங்கும். நமக்கு அது தெரியாது, இடம் தாராளமா இருக்கு. ஏற்கனவே ஒடுங்கிப் போனவங்களுக்கு வெளிய விடற நேரத்துலதான் வழி இன்னும் மோசமாகுது, அதான் விசில், அதான் அவ்ளோ நேரம். அவசரப்பட்டு முக்கித் தள்ளினா நெஞ்சுக்குள்ள ஏறுற அழுத்தம் குழாயையே வெளியிலேர்ந்து அமுக்கும், இன்னும் அடைக்கும்.

உள்ள இருக்கறது முழுசா வெளிய வர்றதுக்குள்ள அடுத்த மூச்சுக்கு உடம்பு அவசரப்படுது, பழைய காத்து கொஞ்சம் தங்கிடுது. அடுத்ததுல இன்னும் கொஞ்சம். இப்படியே சேந்து சேந்து நெஞ்சு உப்பி நிக்கும், உதரவிதானம் ஏற்கனவே தட்டையா கீழ போய் நிக்கும், இன்னும் இறங்க இடமே இல்ல. அந்த நிலைமைல இழுத்தா எங்க போகும் காத்து? அம்மாவுக்கு "இழுக்க முடியல"ன்னு தெரியறது இதுதான், நிஜமாவே முடியாது. ஆனா அதுக்குக் காரணம் வெளிய போகாம நிக்கற காத்து.

பொண்ணு மாடல்லயே இதைப் பாக்கலாம். ஸ்ட்ராவை எடுத்துட்டு காலி பால்பாயிண்ட் ரீஃபில் துண்டைச் சொருகி, சுத்தி எம்சீல் வெச்சு அடைச்சுடுங்க. கீழ ரப்பரை நல்லா பலம் போட்டு இழுத்தா பலூன் எப்படியாவது உப்பிடும், ஏன்னா இழுக்கறது கை. விடும்போது ரப்பரோட சொந்த இழுவை மட்டும்தான், மெதுவாத்தான் சுருங்கும். அது பாதி சுருங்கறதுக்குள்ள மறுபடி இழுங்க, மறுபடி இழுங்க. ஒவ்வொரு தடவையும் உள்ள புதுசா போற காத்து எவ்ளோ குறையுதுன்னு கண்ணால பாக்கலாம். நிஜக் குழாய் விடும்போது இன்னும் ஒடுங்கும், ரீஃபில் ஒடுங்காது, அந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் அவ சார்ட்டுல எழுதிக்கட்டும்.

நாங்க எடுக்கற ஸ்பைரோமெட்ரி டெஸ்டும் இதைத்தான் அளக்குது. நல்லா இழுத்துட்டு முழு வேகத்துல ஊதச் சொல்லுவோம், நல்ல நுரையீரல்னா மொத்தக் காத்துல முக்கால்வாசி முதல் ஒரு செகண்ட்லயே வெளிய வந்துடணும். 70 சதவீதத்துக்குக் கீழ போச்சுன்னா குழாய்ல அடைப்புன்னு அர்த்தம்.

ஆக்சிமீட்டர் விஷயம் முக்கியம், எல்லாரும் கவனிங்க. அட்டாக் ஆரம்பத்துல 96, 97 வர்றது சகஜம். உடம்பு ரெண்டு மடங்கு உழைச்சு அந்த நம்பரைக் காப்பாத்திட்டிருக்கு, நம்பர் நல்லா இருக்குன்னு ஆளை விட்டுடாதீங்க. முழு வாக்கியம் பேச முடியுதா, கழுத்துத் தசை உள்ள இழுக்குதா, உதடு நீலம் பாயுதா, அசந்து தூங்கி விழறாங்களா, இதைப் பாருங்க. நல்லா சத்தமா இருந்த விசில் திடீர்னு நின்னு போச்சு, ஆனா ஆள் இன்னும் திணறுறாங்கன்னா அது நல்லதுக்கு இல்ல, விசிலடிக்கக் கூட காத்து ஓடலன்னு அர்த்தம், உடனே 108.

எண்ணூர் குப்பம்:

அண்ணா, அம்மாவுக்கு இன்னா பண்ணாலும் காத்து சரியில்லன்னா திரும்பத் திரும்ப வரும், அதையும் சொல்லணும்னு தோணுச்சு. 2023 டிசம்பர்ல புயலுக்கு அப்புறம் கழிமுகத்துல எண்ணெய் கலந்து அது ஆறதுக்குள்ளயே 26ஆம் தேதி நைட்டு கடலுக்கடில போற பைப்லேர்ந்து அமோனியா கசிஞ்சுது, பெரியகுப்பம் சின்னக்குப்பம் ஜனங்க கொழந்த குட்டிய தூக்கினு இருட்டுல ரோட்டுக்கு ஓடியாந்தாங்க, நானும் என் வூட்டு ஆளுங்களோட ஓடியாந்தவன்தான். கண்ணு எரியுது, தொண்டை கிழியுது, இருமல் நிக்கல.

அப்புறம் ஒரு செஸ்ட் டாக்டர் கேம்ப்ல சொன்னாரு, அமோனியா தண்ணில சட்டுனு கரையற கேஸ், அத்தொட்டு மேல இருக்கற ஈரத்துலயே கரைஞ்சு கண்ணு மூக்கு தொண்டையத்தான் மொதல்ல தாக்கும், நிறைய போச்சுன்னாதான் உள்ள எறங்கும். ஈரத்துணிய மூக்குல வெச்சா கொஞ்சம் தாங்கறதும் அதனாலதான். கந்தகப் புகையும் அதே மேரி கரையற ஜாதி, ஆனா வீசிங் இருக்கறவங்களுக்கு அது கொஞ்சமா இருந்தாலே சில நிமிஷத்துல குழாய் இறுகிக்கும். டீசல் புகைல வர்ற நைட்ரஜன் டை ஆக்சைடு வேற ஜாதி, அவ்ளோ சீக்கிரம் கரையாது, தொண்டைல பெருசா உறுத்தாமயே ஆழத்துக்குப் போயிடும், நிறைய இழுத்துட்டா சில மணி நேரம் கழிச்சுக் கூட மூச்சு முட்டும். அதான் எரியலன்னா ஒண்ணும் ஆகலன்னு நெனச்சுக்கக் கூடாது.

தூசியும் அப்படித்தான். பெருசு மூக்கு முடிலயும் சளிலயும் மாட்டிக்கும். மூச்சுக்குழல் உள்ள கண்ணுக்குத் தெரியாத முடி கீது, நிக்காம மேல மேல தள்ளினே இருக்கும், சளியோட சேத்துத் தொண்டைக்குக் கொண்டாந்துடும், நாம தெரியாமலே முழுங்கிடுவோம். பீடி சிகரெட்டு புடிச்சா மொதல்ல சாவறது அந்த முடிதான். ஆனா 2.5 மைக்ரானுக்குக் கீழ இருக்கற தூசி, கரி பவர் பிளான்ட் சாம்பல்லயும் லாரிப் புகைலயும் இருக்கறது, அந்த முடி இல்லாத கடைசி நுண்ணறை வரைக்கும் போயிடும். துண்டக் கட்டினா அது நிக்காது, என்95 முகத்தோட ஒட்டிப் போட்டா நிக்கும். வடசென்னை ஜனங்க இருமினு கெடக்கறதுக்கு அவங்க உடம்பக் குத்தம் சொல்லக்கூடாது அண்ணா.

காசிமேடு போட்:

கேள்விக்கு வெளிய போறேன், ஆனா பசங்க படிக்கற இடம்னா இதைச் சொல்லியே ஆகணும். மூச்சை அடக்கினா கொஞ்ச நேரத்துல தாங்க முடியாம வருதுல்ல, அது ஆக்சிஜன் தீந்து போய் வர்றதில்ல, ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு ஏறறதைத்தான் மூளை மொதல்ல கண்டுபிடிச்சு "இழு"ன்னு கட்டளை போடுது. நம்ம பசங்க தண்ணிக்குள்ள ரொம்ப நேரம் இருக்கணும்னு போட்டி வெச்சு, முங்கறதுக்கு முன்னாடி வேக வேகமா மூச்சு வாங்கிட்டு முங்கறாங்க. அப்படி வாங்கினா ஆக்சிஜன் பெருசா ஏறாது, கார்பன் டை ஆக்சைடுதான் காலியாகும், எச்சரிக்கையே வராம தண்ணிக்குள்ளயே மயங்கிடுவாங்க. நல்லா நீச்சல் தெரிஞ்ச பையனும் போயிடுவான். உங்க பொண்ணு கிளாஸ்ல இதையும் ஒரு வரி சொல்லச் சொல்லுங்க.

தண்டையார்பேட்டை அப்பா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரீஃபில் சொருகிப் பாத்தோம். விட்டதும் பலூன் மெதுவா, மெதுவா சுருங்குது, பொண்ணு நடுவுலயே வேகமா இழுத்து இழுத்துப் பாத்துட்டு "ஆயா, உனக்கு இப்படித்தான் ஆகுதா"ன்னு கேட்டா, அம்மா அதைக் கைல வாங்கி ரொம்ப நேரம் இழுத்துப் பாத்துட்டு இருந்தாங்க.

டெக்னீஷியன் சார்கிட்ட இன்னும் ரெண்டு கேள்வி. அம்மா நீல கலர் பம்ப் அடிக்கறாங்க, பாதி நேரம் வாய்லயே கசப்பா நின்னுடுதுன்றாங்க. இன்னொரு பம்பு ஆரஞ்சு கலர்ல குடுத்தாங்க, "அடிச்சாலும் ஒண்ணும் தெரியல, பழக்கமாயிடும்"னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்கன்னு அலமாரில போட்டு வெச்சிருக்காங்க. அப்புறம் அம்மா சின்ன வயசுல விறகடுப்பு, கல்யாணமாகி வந்தும் மண்ணெண்ணெய் ஸ்டவ்தான், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

செஸ்ட் ஓபி டெக்னீஷியன்:

உண்டு சார், நிறையவே உண்டு. பீடி சிகரெட் தொடாத நம்மூர்ப் பொம்பளைங்களுக்கு விறகுப் புகையாலயே சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வருது. அதுலயும் குழாய் அடைப்புதான், ஆனா ஆஸ்துமா மாதிரி முழுசாத் திறக்காது, மருந்தும் கொஞ்சம் மாறும். நீல மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, குடுத்து கால் மணி நேரம் கழிச்சு ஒரு தடவை ஊத வெச்சுப் பாத்தா எதுன்னு ஓரளவுக்குத் தெரிஞ்சுடும். ஸ்டான்லி ஆஸ்பத்திரில செஸ்ட் ஓபி இருக்கு, ஓட்டேரில நெஞ்சக நோய்க்குன்னே கவர்மென்ட் ஆஸ்பத்திரி இருக்கு, பழைய சீட்டையும் ரெண்டு பம்ப்பையும் கையோட எடுத்துட்டுப் போங்க.

நீலம் இறுகின தசையைத் தளர்த்தற மருந்து, சில நிமிஷத்துல வேலை செய்யும், சில மணி நேரத்துல இறங்கிடும். ஆரஞ்சு பெரும்பாலும் வீக்கத்தைக் குறைக்கற ஸ்டீராய்டா இருக்கும், பேரைப் பாத்துக் கேட்டு உறுதி பண்ணிக்குங்க. அடிச்ச உடனே ஒண்ணும் தெரியாது, தினமும் போட்டா சில வாரத்துல அட்டாக் குறையும். பழக்கமெல்லாம் ஆகாது. அக்கா நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பாங்க, ஆனா அந்தப் பேச்சைக் கேட்டு நிறுத்திட்டு எமர்ஜென்சில வந்து படுத்தவங்களை நான் பாத்துட்டே இருக்கேன். வெறும் நீலத்தை மட்டும் அடிக்கடி அடிச்சுட்டிருந்தா உள்ள வீக்கம் அப்படியே இருக்கும்.

வாய்ல கசக்குதுன்னா மருந்து நாக்குலயும் தொண்டைலயும் அடிக்குது, குழாய்க்குப் போகல. மெடிக்கல்ல ஸ்பேசர்னு பிளாஸ்டிக் கூடு கிடைக்கும், வாங்கிடுங்க. பம்ப்பை நல்லா குலுக்கி ஸ்பேசர் பின்னாடி மாட்டி, அம்மா முதல்ல இருக்கற மூச்சை மெதுவா வெளிய விடணும், அப்புறம் வாயை முனையில இறுக்கி மூடிக்கிட்டு ஒரே ஒரு தடவை அமுக்கி, மெதுவா ஆழமா இழுத்து, முடிஞ்சா பத்து எண்ணற வரைக்கும் அடக்கணும். அடக்க முடியலன்னா ஸ்பேசரை எடுக்காம அஞ்சாறு தடவை சாதாரணமா இழுத்து விட்டாலே போதும். ரெண்டாவது பஃப்புக்கு மறுபடி குலுக்கி முதல்லேர்ந்து பண்ணணும், ஒரே நேரத்துல ரெண்டு அமுக்கு அமுக்கக் கூடாது. ஸ்டீராய்டு போட்டதும் வாயைக் கொப்பளிச்சுத் துப்பணும், இல்லன்னா நாக்குல வெள்ளையா பூஞ்சை புடிக்கும்.

திணறல் வர்ற நேரத்துல படுக்க வைக்காதீங்க. ஸ்டூல்ல உக்காந்து ரெண்டு கையையும் தொடைல ஊனி லேசா முன்னாடி சாயட்டும். மூக்கால இழுத்து, உதட்டைக் குவிச்சு, இழுத்த நேரத்தைப் போல ரெண்டு பங்கு நேரம் மெதுவா விடச் சொல்லுங்க. வாய்கிட்ட வழி சின்னதா இருந்தா உள்ள கொஞ்சம் அழுத்தம் நிக்கும், சின்னக் குழாய்ங்க சீக்கிரம் மூடிக்காது, தங்கின காத்து கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரும். பம்ப்புக்குப் பதிலா இல்ல, பம்ப்போட சேத்துத்தான். இதை அட்டாக் வந்த பிறகு சொல்லிக் குடுக்க முடியாது, நல்லா இருக்கும்போதே பொண்ணை விட்டுத் தினம் சாயந்தரம் கொஞ்ச நேரம் பழகிக் குடுக்கச் சொல்லுங்க. போகிக்கு முந்தின நாளே ஜன்னலைச் சாத்திட்டு, ரெண்டு பம்ப்புலயும் மருந்து இருக்கான்னு பாத்து வெச்சுடுங்க.